பதினாலாம் கட்டத்துப் பச்சை

ஹட்டன் டவுன்ல, ஸ்டேஷன் பக்கமா ஏறுற ரோட்டுல, கம்பெனி ஒப்பீஸ் மாடியில எனக்கு ஒரு மேசையும் ஒரு கொம்பியூட்டரும் குடுத்தாங்க. ரெண்டாயிரம் பொறந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். தோட்டத்து ஆளுங்க இருக்குற வரிசை வீடு, லயம், அதுல பொறந்த பொண்ணு ஒருத்தி அந்த மாடிக்கு வேலைக்கு வந்தது நான்தான் மொதல்னு கீழ டீ ஊத்துறவரு சொன்னாரு. பெருமையாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா பொய்.

வேலை என்னன்னு சொல்லிர்றேன், அப்பதான் மத்தது புரியும். அக்கரப்பத்தனையில இருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும், அங்கிட்டு கந்தப்பளை வரைக்கும், கம்பெனிக்கு இருபத்திரண்டு தேயிலைத் தோட்டம். ஒவ்வொரு தோட்டத்து ஒப்பீஸ்லயும் ஒரு கொம்பியூட்டர் வச்சு, டெலிபோன் லைன்ல மாட்டி விட்டிருந்தாங்க. கொழும்புல இருந்து வர்ற கடிதம், அறிவிப்பு, எந்த மலைக்கு எப்ப மருந்தடிக்கணும்ங்குற பட்டியல் எல்லாம் பைல் பைலா எங்ககிட்ட வரும். நாங்க அத தோட்டத்துக்கெல்லாம் பிரிச்சு அனுப்பணும். என் ஸ்கிரீன்ல இருபத்திரண்டு கட்டம் இருக்கும், கட்டத்துக்கு ஒரு தோட்டம். மவுஸால பைலப் புடிச்சு இழுத்து கட்டத்துக்குள்ள போட்டாப் போதும். போய்க்கிட்டிருந்தா கட்டம் மஞ்சளா இருக்கும், நூத்துக்கு எவ்வளவு போயிருக்குன்னு உள்ள நம்பர் ஏறும். போய்ச் சேந்துட்டா பச்சை. அங்க பிரிண்டர் தானா அச்சடிச்சுத் தள்ளிரும்.

பைல் ஒண்ணும் போகாத நேரத்துலயும் தோட்டத்து மிஷின் சும்மா இருக்காது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தானா எங்க நம்பருக்கு கோல் எடுத்து "இருக்கேன்"னு சொல்லிட்டு வச்சிரும். மிஷின் பாஷையில ஏதோ கீச்சுன்னு கத்தும், நாங்க அத "இருக்கேன்"னுதான் சொல்லுவோம். இருக்கேன்னு வந்தா பச்சை. வரலேன்னா சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு மேல இருந்தவரு யாழ்ப்பாணத்துக்காரர். எங்க சேர். அந்த ரூம்ல நாங்க ரெண்டு பேருதான். அவரு பேசுறது மொத மாசம் எனக்குப் பாதி புரியாது, நான் பேசுறது அவருக்கு முழுசாப் புரியாது. "பிள்ளை, உம்மட வாய் இருக்கே, அது மிஷினை விட வேகம்" அப்படின்னு சிரிப்பாரு. உண்மைதான். நான் கோபக்காரி. தோட்டத்து ஒப்பீஸ் கிளாக்கர்மாருங்க இருபத்திரண்டு பேரும் என்கிட்ட ஏச்சு வாங்காத வாரம் கிடையாது. லயத்துப் பிள்ளை கிளாக்கரைப் போய் ஏசுறதான்னு ரெண்டு பேரு கொழும்புக்குப் புகார் கூட எழுதிப் போட்டாங்க. எழுதுனா எழுதட்டும்.

எங்க மலைப்பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. இடி இடிச்சா முதல் வேலையா டெலிபோன் வயரக் கழட்டிருவாங்க. மலை உச்சியில கம்பம் நட்டு இழுத்த லைன், மின்னல் அதுல ஏறி வீட்டுக்குள்ள வந்துரும்னு பயம். பயம் நியாயமானதுதான். அதனால மழைக்காலத்துல என் ஸ்கிரீன் ஒரு வேடிக்கை காட்டும். வெளிய ஹட்டன்ல நல்ல வெயில் அடிக்கும். உள்ள நோட்டன் பிரிட்ஜ் கட்டம் ஒண்ணு சிவக்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதுக்குப் பக்கத்துக் கட்டம். அப்புறம் இன்னும் ரெண்டு. கண்ணுக்குத் தெரியாத எவனோ ஒருத்தன் மலைக்கு மலை நடந்து வந்து, ஒவ்வொரு ஒப்பீஸ் கதவா சாத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். சத்தமே இருக்காது. கட்டம் மட்டும் ஒண்ணொண்ணாச் சிவக்கும். எல்லாம் சிவந்து முடியுறப்பதான் எங்க கூரையில மொத இடி விழும். முதுகுல சில்லுன்னு இருக்கும், இருந்தாலும் பார்க்காம இருக்க முடியாது.

பதினாலாம் கட்டம் எங்க தோட்டம். அக்கரப்பத்தனைப் பக்கம். அம்மா இன்னும் அங்க மேல் லயத்துலதான் இருந்தாங்க. டவுனுக்கு வாங்கன்னு கெஞ்சியும் பாத்தாச்சு, திட்டியும் பாத்தாச்சு. "ஒன் மாடியில ஆடு கட்ட எடம் இருக்காடி?"ன்னு கேப்பாங்க. அந்தத் தோட்டத்து கிளாக்கரும் லயத்துல பொறந்து படிச்சு வந்தவருதான். எங்க மாதா கோயில்ல பூசைக்கு வந்தா எப்பவும் கடைசி பெஞ்சு. என்னைய தங்கச்சின்னு கூப்பிடுவாரு, நான் அண்ணேம்பேன். நல்ல மனுசன், ஆனா இடின்னா அப்படி ஒரு பயம். நோட்டன் பிரிட்ஜ்ல இடிச்சா இவரு இங்க வயரப் புடுங்கிருவாரு. மழை நாள்ல எல்லாக் கட்டத்துக்கும் முன்னாடி பதினாலுதான் சிவக்கும்.

அவரு வயரப் புடுங்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பைல் போய்க்கிட்டிருக்கும்போது புடுங்கிட்டா பாதியில அறுந்துரும், மறுபடி மொதல்ல இருந்து அனுப்பணும். ஒரே மாசத்துல மூணு தடவ அப்படிப் பண்ணாரு. மூணாவது தடவ எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "அண்ணே, ஒங்களுக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா இல்லியா? இனிமே நான் கோல் எடுத்து கழட்டுங்கன்னு சொல்ற வரைக்கும் அந்த வயர்ல கை வச்சீங்க, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது!" அப்படின்னு கத்திட்டேன். இடியப் பத்தி நீங்க கவலப்படாதீங்க, இடி வந்தா நான் இங்கேயே நிறுத்திட்டு ஒங்களுக்குச் சொல்றேன்னும் சொன்னேன். சேர் திரும்பிப் பாத்தாரு. போன்ல கிளாக்கரண்ணே, "சரி தங்கச்சி, நீ சொல்லாமத் தொடமாட்டேன். மாதா மேல சத்தியம்"னாரு.

அன்னையில இருந்து அதுவே வழக்கமாயிருச்சு. பைல் போய் முடிஞ்சதும் நான் கோல் எடுப்பேன். மொத மணி முழுசா அடிக்க முன்னயே எடுத்துருவாரு, போன் மேலயே கைய வச்சுக்கிட்டு இருப்பாரு போல. "போய்ச் சேந்துருச்சு அண்ணே, கழட்டுங்க"ன்னு சொல்லுவேன். "இந்தா கழட்டுறேன் தங்கச்சி"ம்பாரு. உடனே டொக்குன்னு ஒரு சத்தம், லைன் செத்துரும். மத்த கிளாக்கர்மாருங்க யாருக்கும் இந்தச் சலுகை கிடையாது. எங்க தோட்டம்ங்குறதால அவருக்கு மட்டும்.

அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எங்களுக்கு எல்லா வருஷமும் ஏதோ ஒரு மழை. நாலு நாளா விடாமப் பேஞ்சுது. அஞ்சாம் நாள் காலையில கிளாக்கரண்ணே கோல் எடுத்தாரு. மேல் லயத்துக்குப் பின்னாடி தேயிலைக்குள்ள நிலம் வெடிச்சிருக்கு, கை நுழையுது, கல்லப் போட்டா அடியில விழுற சத்தம் கேக்கலைன்னாரு. நாப்பது குடும்பம். அதுல ஒண்ணு எங்க அம்மா.

ஸ்கூல்லயும் கோயில்லயும் ஏற்கெனவே கீழ்ப்பக்கத்துப் பணிய டிவிஷன் ஆளுங்க நெறஞ்சிருந்தாங்க. மிச்சம் இருந்தது ஸ்டோரு மட்டும்தான், தேயிலை அரைக்கிற பேக்டரி. மேல கொழுந்து வாட்டுற மாடியில நாப்பது குடும்பம் என்ன, நூறு குடும்பம் படுக்கலாம். ஆனா அந்த ஸ்டோருக்கு வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்து சுத்தச் சான்றிதழ் குடுத்து அது கண்ணாடி போட்டுத் தொங்குது. உள்ள போறவங்க தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை போட்டுக்கிட்டுத்தான் போகணும். ஆளுங்கள உள்ள படுக்க வச்சா சான்றிதழ் போயிரும். தோட்டத்து மேனேஜர் தொரை கெட்டவரு இல்ல, ஆனா பேப்பர் மனுசன். கம்பெனி கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா அடுத்த நிமிஷம் கதவத் தொறக்குறேன்னுட்டாரு.

நான் கொழும்புக்கு எத்தனை கோல் எடுத்தேன், யார் யார்ட்ட என்னென்ன பேசுனேன்னு கணக்கில்ல. சேரும் பேசுனாரு, எனக்குத் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு கெஞ்சுனாரு. மதியம் பன்னெண்டே முக்காலுக்கு கையெழுத்துப் போட்ட கடிதம் படமா வந்துச்சு. படம்ங்குறதால பெரிய பைல். நான் அத இழுத்து பதினாலாம் கட்டத்துல போட்டேன். கட்டம் மஞ்சளாச்சு.

அந்த லைன் எப்பவுமே ஈரம் கோத்த லைன். மழையில இன்னும் மோசம். நம்பர் ஏறவே மாட்டேங்குது. ஒன்பது. பதினொண்ணு. நான் செபமாலைய எடுத்து கையில சுத்திக்கிட்டேன். முப்பது ஆகுறப்ப நோட்டன் பிரிட்ஜ் கட்டம் சிவந்துச்சு.

"இடி அங்கையிருந்து வெளிக்கிட்டுட்டுது" அப்படின்னாரு சேர்.

அப்புறம் அடுத்தது. அடுத்தது. அந்த நடை எனக்குப் பழக்கமான நடைதான், ஆனா அன்னிக்கு அது நேரா எங்க தோட்டத்துக்கு வர்ற மாதிரி இருந்துச்சு. நாப்பது. அம்பத்திரண்டு. சுத்தி உள்ள கட்டமெல்லாம் சிவப்பு, நடுவுல பதினாலு மட்டும் மஞ்சள். பயந்த மனுசன், எல்லாருக்கும் முன்னாடி புடுங்குற ஆளு, தொடாம உக்காந்திருக்காரு. நான் சொல்லலியே. லைன்ல பைல் போறதால என்னால கோல் எடுத்துப் பேசவும் முடியாது. நிறுத்துனாத்தான் லைன் காலியாகும்.

"பிள்ளை, நிப்பாட்டும். நிப்பாட்டிப்போட்டு அந்த மனுசனைக் கழட்டச் சொல்லும்" அப்படின்னாரு சேர்.

"எழுபத்தாறு ஆயிருச்சு சேர். நிப்பாட்டுனா மறுபடி மொதல்ல இருந்து. இருட்டுனப்புறம் மலை சரிஞ்சு எறங்குனா?"

அவரு என் நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னாரு. ரெண்டு பேரும் மூச்சு விடாம நம்பரப் பாத்துக்கிட்டிருந்தோம். ஒண்ணு நாப்பத்திரண்டுக்கு நூறு. கட்டம் பச்சை.

நான் குதிச்சேன். சத்தியமா குதிச்சேன். உடனே தொரை பங்களாவுக்கு கோல் எடுத்தேன், அது வேற லைன். "சேர், லெட்டர் வந்திருச்சு, ஒப்பீஸ்ல அச்சாகிக் கெடக்கு"ன்னேன். ஆள் அனுப்புறேன்னாரு தொரை. அவரு வச்சதும் ஸ்டோருக்கு எடுத்தேன். ஆளுங்கெல்லாம் மூட்டை முடிச்சோட ஸ்டோர் வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு சொன்னாங்க. எங்க அம்மாவக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்னு கேட்டேன்.

அம்மா வர நேரம் எடுத்துச்சு. வந்தாங்க. "என்னடி?"ன்னாங்க. எனக்கு அழுகை வந்திருச்சு. தொறக்கப் போறாங்கம்மா, உள்ள போங்கம்மா, இனிமே பயமில்லன்னு சொன்னேன். அம்மாவும் அழுதாங்க. அப்புறம் மூக்கச் சிந்திட்டு, "ஆட்டையும் உள்ள கொண்டாரலாமான்னு கேளுடி"ன்னாங்க. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன். தொப்பி போட்டு, காலுக்கு உறை போட்டுக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். அப்ப போனுக்குள்ள ஒரு இடிச் சத்தம். காதே கிழிஞ்சிரும் போல. "ஐயோ மாதாவே, என்ன இடிடி இது!"ன்னு அம்மா கத்துனாங்க. இடியில போய் அம்மாவ போன் பக்கத்துல நிக்க வச்சிருக்கேனேங்குற புத்தி கூட எனக்கு அப்பத்தான் வந்துச்சு. வைங்கம்மா, வைங்கன்னு சொல்லி வச்சேன்.

வச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கிளாக்கரண்ணனுக்கு கோல் எடுக்கல.

கடிகாரத்தப் பாத்தேன். பதினோரு நிமிஷம் போயிருச்சு. அவசரமா நம்பர அமத்துனேன். மணி அடிச்சுது. மொத மணி முழுசா அடிச்சுது. ரெண்டாவதும் அடிச்சுது. பத்துத் தடவ அடிச்சத எண்ணியிருப்பேன், எடுக்கல. ஸ்கிரீன்ல பதினாலு பச்சையாவே இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல பங்களாவுல இருந்து கோல் வந்துச்சு. கடிதம் எடுக்கப் போன ஆளு பாத்திருக்கான். கிளாக்கரண்ணே நாற்காலியில நேரா உக்காந்தபடியே இருந்தாராம். மேசையில இருந்த டெலிபோன் கருகிப் போயிருந்துச்சாம், கொம்பியூட்டரும் அப்படியே. ரிசீவர எடுக்கல. கை மட்டும் அது மேல இருந்துச்சாம்.

கடிதத்துல ஒரு மூலை கூட கருகல. தொரை தானே வந்து அத எடுத்துக்கிட்டுப் போயி கதவத் தொறந்து விட்டாரு. மறுநாள் விடியக்காலம் வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்குத் தப்படிக்க முன்னயே மலை எறங்கிருச்சு. மேல் லயம் ரெண்டு வரிசையும், அம்மா குடியிருந்த காம்பராவோட, இருந்த எடம் தெரியல. லயத்துல ஒரு உசுரு போகல. ஆடு கூட. அந்த நாப்பது குடும்பமும் இன்னைக்கும் எங்க அம்மாகிட்ட, ஒன் மகளாலதான் நாங்க இருக்கோம்னு சொல்றாங்க. கேட்டா எனக்கு எங்கயாச்சும் ஓடிப் போயிரலாம் போல இருக்கும்.

சாவு வீட்டுல அவரு சம்சாரம் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "தங்கச்சி சொல்லாம வயரத் தொடமாட்டேன்னு எப்பப் பாத்தாலும் சொல்லுவாரும்மா. நானே கேலி பண்ணுவேன். அன்னிக்கு நீ கோல் எடுத்தியாம்மா?"

எடுத்தேன்க்கா, லைன் கிடைக்கலன்னு சொன்னேன். வாய் கூசாம சொன்னேன். அந்த வாய் இருக்கே.

வேலைக்குத் திரும்பி வந்தேன். சேர் என் மேசைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு, என்னைய உக்கார விடாத மாதிரி. எட்டிப் பாத்தேன். பதினாலாம் கட்டம் பச்சை. கருகுன மிஷின் ஒரு சாக்குல கட்டி எங்க ரூம் மூலையிலேயே கெடக்கு. ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அந்த நம்பர்ல இருந்து "இருக்கேன்"னு வந்துக்கிட்டிருக்கு. கொம்பியூட்டர் எழுதி வைக்கிற பதிவேட்டத் தொறந்து பாத்தோம். அன்னிக்கு இடி விழுந்தப்புறம் ஒண்ணு அம்பத்தேழுல இருந்து ஒண்ணு கூட தவறல.

"எக்ஸ்சேஞ்சிலை லைன் மாறிப் போட்டுட்டாங்கள் போல. வேற ஏதும் தோட்டத்தின்ர மிஷின்தான் இந்த நம்பரிலை வருது" அப்படின்னாரு சேர். சொல்லிட்டு அந்தக் கட்டத்தையே ஸ்கிரீன்ல இருந்து எடுத்துட்டாரு. பதிமூணுக்கு அடுத்தது பதினஞ்சு. நானும் நம்பிக்கிட்டேன். நம்பாம எப்படி அந்த ரூம்ல உக்காருறது?

மூணு மாசத்துல புது கிளாக்கர் வந்தாரு, புது மிஷின், புது டெலிபோன், புது நம்பர். பதினாலு திரும்ப ஸ்கிரீனுக்கு வந்துச்சு. வெயில் நாள்ல ஒழுங்காத்தான் இருந்துச்சு. புது கிளாக்கர் வயரக் கழட்டுனா சிவக்கும், மாட்டுனா பச்சை. மொத இடி வந்த அன்னிக்கு நோட்டன் பிரிட்ஜ்ல தொடங்கி எல்லாம் வரிசையாச் சிவந்துச்சு. இருபத்தியொரு கட்டம் சிவப்பு. பதினாலு பச்சை.

மறுநாள் புது கிளாக்கர நல்லா ஏசினேன், ஏன் கழட்டலைன்னு. அந்த ஆளு சத்தியம் பண்ணாரு. மொத முழக்கத்துலேயே கழட்டி ஆணியில மாட்டிட்டேன், வேணும்னா தோட்டத்த மேற்பாக்குற கண்டாக்கையாகிட்ட கேளுங்கன்னாரு. அடுத்த இடிக்கும் அதேதான். அதுக்கடுத்த இடிக்கும். சேர் ப்ரோகிராம் பூரா மாத்திப் போட்டுப் பாத்தாரு. பழைய நிலையைத்தான் காட்டுதுன்னாரு, ஆனா பதிவேட்டுல பாத்தா புதுசு புதுசா "இருக்கேன்" விழுந்திருக்கு. போர்க்காலத்துல குண்டு விழுற ஊர்ல இருந்து வந்த மனுசன், எதுக்கும் அசையாதவரு. இப்ப நோட்டன் பிரிட்ஜ் சிவந்தா எழும்பி, "நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்"னு கீழ போயிருவாரு. எல்லாம் பச்சையானப்புறம்தான் வருவாரு. என்னைய மட்டும் அதுகிட்ட விட்டுட்டுப் போறதுல எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

தனியா உக்காந்து அந்தப் பச்சையப் பாத்துக்கிட்டிருப்பேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கீச்சுன்னு வரும். இருக்கேன். இருக்கேன். கண்ண எடுத்தாலும் காதுல விழும்.

வருஷம் ஒண்ணு ஆயிருச்சு. எங்க கோயில்ல கிளாக்கரண்ணனுக்கு வருஷப் பூசை. போனேன். பூசை முடிஞ்சு அவங்க வீட்டுல டீ குடுத்தாங்க. எல்லாரும் போனப்புறம் சமையக்கட்டுல அவரு சம்சாரம் அந்தக்கா மட்டும் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாங்க. நான் பக்கத்துல போயி நின்னு, "அக்கா, அன்னிக்கு நான் கோல் எடுக்கலக்கா. எங்கம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். மறந்துட்டேன்"னேன்.

அவங்க பாத்திரத்தக் கழுவுறத நிறுத்தல. ரொம்ப நேரம் ஒரே கோப்பையையே கழுவுனாங்க.

"போய்ச் சேந்துருச்சுன்னு அவருக்குத் தெரியாதா அப்ப?"

"தெரியாதுக்கா."

"அப்ப இன்னமும் காத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. ஒன்னைய அவ்வளவு நம்புனாரு." கோப்பையக் கவுத்து வச்சாங்க. "நீ போ இப்ப. ஒம் மூஞ்சியப் பாக்க முடியல."

வெளிய வந்தேன். கால் தானா தோட்டத்து ஒப்பீஸ் பக்கம் போச்சு. பெரட்டுக்களத்தத் தாண்டுறப்ப தூரத்துல முழங்குச்சு. புது கிளாக்கர் கதவு திறந்து போட்டுட்டு, ஆளுங்களுக்கு அரிசி அளந்து போடுற எடத்துல ஏதோ வேலைன்னு போயிருந்தாரு. வயர் கழட்டி ஆணியில தொங்குது. என் கண்ணால பாத்தேன், கையாலயும் தொட்டுப் பாத்தேன். கிளாக்கரண்ணே உக்காந்த எடத்துலதான் மேசை இன்னும் இருந்துச்சு. நாற்காலி வேற.

ஜன்னலோரம் நின்னா மட்டும் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். சேருக்கு எடுத்தேன். கீழ போயிராதீங்க சேர், இன்னைக்கு மட்டும் ஸ்கிரீன் முன்னால உக்காருங்கன்னேன்.

"பதினாலு என்ன கலர் சேர்?"

நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சு. "எல்லாம் சிவப்பு பிள்ளை. உது மட்டும் பச்சைதான் நிக்குது. இப்பவும் ஒருக்கா வந்தது. நீர் எங்க நிக்கிறீர்?"

செல்போன இடது காதுல வச்சபடியே மேசைக்கு நகந்தேன். சிக்னல் போயிரும்னு பயந்தேன், போகல. வயர் இல்லாத டெலிபோன் ரிசீவர எடுத்து வலது காதுல வச்சேன். என்ன பைத்தியக்காரி வேலைன்னு நீங்க நெனைக்கலாம், நானும் அப்படித்தான் நெனைச்சேன். உள்ள ஒண்ணும் கேக்கல. வெளிய அடுத்த முழக்கம், கொஞ்சம் கிட்ட.

"அண்ணே" அப்படின்னேன். மறுபடி சொன்னேன். "அண்ணே, நான்தான். மன்னிச்சிருங்கண்ணே. அது அன்னிக்கே போய்ச் சேந்துருச்சு. எல்லாரும் உள்ள போயிட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கழட்டுங்கண்ணே."

வலது காதுல டொக்குன்னு ஒரு சத்தம்.

நான் ரிசீவர வைக்கல. இடது காதுல சேர் மூச்சு விடுறது மட்டும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். ஜன்னலுக்கு வெளிய, மேல் லயம் இருந்த எடத்துல, பச்சைப் புல்லு மொளைச்ச வெறும் சரிவுல மழை எறங்கி வந்துக்கிட்டிருந்துச்சு.

"பிள்ளை" அப்படின்னாரு சேர். குரல் மாறியிருந்துச்சு. "இப்ப வரவேணும். வரேல்லை."

இன்னும் கொஞ்ச நேரம்.

"சிவப்பாப் போச்சுது பிள்ளை."

நான் அண்ணே மேசையில தலைய வச்சு அழுதேன்.